கவ்வாத்து முடியிற நேரத்தையும் பாருங்க
பெண்களைவிட ஆண்கள் அதிகம் குடிப்பதற்கு உடல்வாகுதான் காரணம் என்று ஒரு கட்டுரை சொல்வது பாதிக் கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து (செடியை வெட்டிவிடுவது) கணக்கு வேலை, குறித்த அளவை முடித்தால் போகலாம். முடித்த ஆண் பகலிலேயே லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்துவிடுவார். பெண் அந்திக் கொழுந்து நிறுத்துக் கொடுத்து வர ஐந்து மணியாகும், பிறகு அடுப்பு, தண்ணி, பிள்ளை. குடிக்க நேரமேது?

குடித்த அளவைக் கணக்கிடுவதிலும் சிக்கல் உண்டு. 35 சதவீதச் சாராயம் கால் போத்தலில் (180 மி.லீ.) சுமார் 50 கிராம் மதுசாரம். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் ஒரே தடவையில் 60 கிராம் போனாலே மிகைக்குடி. கசிப்புக்கு (கள்ளச் சாராயத்துக்கு) இந்தக் கணக்கே செல்லாது, வடிக்கு வடி காரம் மாறும்.

பெண்கள் மது வாங்க 1979இல் போட்ட தடையை 2018 ஜனவரியில் நீக்கி, சில நாளிலேயே திரும்பப் போட்டார்கள். ஆகவே குடிக்கிற பெண் பெரும்பாலும் ஆண் கையால்தான் வாங்க வேண்டியிருந்தது. கிளினிக்கில் குடிப்பீங்களா என்று அந்தப் பெண்ணைக் கேட்டால் "இல்லைங்க" என்பார், அப்படியே பதிவாகும்.