பளபளப்புக்கு மட்டும்தான் காசா?

நேற்று பெங்களூரு அல்சூரில் என் வீட்டு வாசலில் நின்று ஒருவர் சொன்னார்: "குரோம் இன்னும் கொஞ்சம் மின்னணும் சார். ஐம்பதாயிரம் குறைச்சுக்கோங்க." இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவத்துக்காகச் செய்த பிஎஸ்ஏ எம்20 என்ற பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் அது. காக்கியும் பச்சையுமாக மங்கல் பெயின்ட் அடித்து அனுப்பிய வண்டியில் குரோம் எங்கிருந்து வரும்? இரண்டரை வருட உழைப்புக்கு இவர் போட்ட விலையைக் கேட்டதும் வயிறு எரிந்தது.

இந்த வண்டியை 'ஃபுல் ரெஸ்டோர்' என்று சொல்லித்தான் என் தலையில் கட்டினார்கள். 2 லட்சத்து 80 ஆயிரம் கொடுத்தேன். விற்றவர் ஸ்டார்ட் செய்து, இரண்டு நிமிஷம் ஓடவிட்டு அணைத்துவிட்டார். ஏன் இவ்வளவு சீக்கிரம் அணைக்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அல்சூர் ஏரிப் பக்கம் வந்தபோது பத்தே நிமிஷத்தில் வண்டி நின்றது. உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்ததுதான் மிச்சம். முக்கால் மணி நேரம் ஆறவிட்டதும் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது. இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் மேக்னட்டோவுக்குள் இருக்கும் கண்டென்ஸர் கெட்டிருந்தால் இப்படித்தான்: குளிர்ந்திருக்கும்போது பொறி வரும், சூடேறினால் செத்துவிடும். அது தெரிந்தேதான் அந்த ஆள் இரண்டு நிமிஷத்தில் அணைத்திருக்கிறார்!

சிவாஜி நகர்ப் பக்கம் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பழைய வண்டி வேலையிலேயே தலை நரைத்தவர். சிலிண்டரின் காற்றுத் தகடுகளை விரலால் தட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். சத்தம் மாறியது. ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுரண்டினால் சில்வர் பெயின்ட்டுக்குக் கீழே எம்-சீல் பசை! உடைந்த தகட்டை எம்-சீலில் பிடித்து, ராவி, பெயின்ட் பூசியிருக்கிறார்கள். "பிணத்துக்குச் சிங்காரம் பண்ணி வித்திருக்கான் தம்பி" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

போல்ட்டுகளைப் பார்த்தபோது அதைவிடக் கோபம் வந்தது. இந்த வண்டிக்கு விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பானர்தான் வேண்டும். அதில் போட்டிருக்கும் அளவு போல்ட்டின் தண்டுக்கு உரியது, தலைக்கு அல்ல. அது தெரியாமல் கையில் கிடைத்த மில்லிமீட்டர் ஸ்பானரை மாட்டித் திருகி, ஒவ்வொரு தலையையும் மழுங்கடித்து வைத்திருந்தார்கள். எண்பது வருஷம் தாங்கிய இரும்பை ஒரே மாதத்தில் பாழாக்க எப்படி மனம் வந்தது?

சரி, நானே செய்கிறேன் என்று இறங்கினேன். மேக்னட்டோவின் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றினோம். சிலிண்டர் மாற்றினோம், பிஸ்டன் போட்டோம். ஒரு வாரம் நிறுத்தினால் ஆயில் டேங்கில் இருப்பது முழுவதும் இன்ஜின் அடியில் இறங்கிக் கிடக்கும். ஆயில் பம்பைச் சரிசெய்து அதையும் நிறுத்தினோம். அப்புறம் ஆர்சி. அதில் இருந்தது காலமாகிவிட்ட ஒருவரின் பெயர். கோலார் தங்கவயலில் அவர் பிள்ளைகளைத் தேடி நான்கு தடவை போய்க் கையெழுத்து வாங்கினேன். அந்த வீட்டு அம்மா வண்டியின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "எங்க மாமனார் வண்டிப்பா" என்று கண் கலங்கினார். விற்றவர் இந்தக் குடும்பத்திடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது வீடு மாறுகிறோம், நிறுத்த இடமில்லை, அதனால் விற்கிறேன். வருபவர்களில் ஒருவராவது இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறாரா? டேங்கைத் தடவுகிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள். போன வாரம் வந்தவர் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஒன்றாக இல்லை, மேட்சிங் நம்பர் இல்லாத வண்டி என்று முகத்தைச் சுளித்தார். ஐயா, எம்20க்கு அந்த இரண்டு நம்பரும் பர்மிங்ஹாம் தொழிற்சாலையிலேயே தனித்தனிதான்! ஆர்சியில் இருப்பது வண்டியிலும் இருக்கிறதா என்றல்லவா பார்க்க வேண்டும்? இரண்டும் ஒன்றாக இருக்கும் எம்20 வந்தால்தான் யாராவது புதிதாகக் குத்தினார்களா என்று சந்தேகப்பட வேண்டும்.

இன்னொருவர், பழைய விண்டேஜ் வண்டிகளுக்குத் தரும் விஏ நம்பர் வாங்கி தினமும் ஆபீஸுக்கு ஓட்டப்போகிறாராம். 2021இல் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு அந்த நம்பர் கிடைக்கும், ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. சேஸிஸிலும் இன்ஜினிலும் பெரிதாகக் கை வைத்திருந்தால் அந்த நம்பரே கிடையாது. இதைச் சொன்னால் நான் ஏதோ ஏமாற்றுவதுபோல் பார்க்கிறார்.

நேற்று வந்தவரிடம் ஒன்று கேட்டேன். "இன்ஜினைச் சூடேற்றி அணைக்கிறேன், நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்களேன்?" வால்வுப் பக்கத்தில் இருக்கும் டேப்பெட் மூடியைக்கூடக் கழற்றிக் காட்டுகிறேன் என்றேன். "அதெல்லாம் எதுக்கு சார்" என்று கிளம்பினார். வேறு இடத்தில் பளபளவென்று ஒன்று பார்த்திருக்கிறாராம், என்னுடையதைவிட ஒரு லட்சம் அதிகம். அதைத்தான் வாங்கப்போகிறார்.