திராட்சைத் தோட்டம் படப்பிடிப்புத் தளம் அல்ல

கிறிஸ்துமஸ் விடுமுறையில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஒயின் வட்டாரமான பரோசா பள்ளத்தாக்கில் எடுக்கப்பட்ட அந்தக் காணொளியின் கீழே நான் எழுதிய இரண்டு வரிகளுக்கு வந்த வசவுகளை எல்லாம் பொறுமையாக வாசித்து முடித்தேன். நம்மவர் குடும்பம் ஒன்று வேலி தாண்டி ஒரு திராட்சைத் தோட்டத்துக்குள் புகுந்து குலை பறிக்கும் அந்தக் காணொளியை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு இணைப்புக் கொடுத்து அதன் பார்வை எண்ணிக்கையை நானே கூட்டிவிடும் எண்ணம் இல்லை. நான் அங்கே எழுதியது இவ்வளவுதான்: அடுத்தவருடைய திராட்சைத் தோட்டத்துக்குள் அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். இதற்கு எனக்குக் கிடைத்த பட்டங்கள் வெள்ளைக்காரனுக்குச் சாமரம் வீசுபவன், வயிற்றெரிச்சல்காரன், ஊர் மறந்தவன். மூன்றாவது பட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் விக்டோரியா மாநிலத்து ஜிலாங்கில் வசிக்கிறேன். ஆஸ்திரேலியாவில் ஃபிலாக்செரா என்ற பூச்சி முதன்முதலாக 1877இல் கண்டறியப்பட்டது எங்கள் ஊரை ஒட்டிய ஃபையன்ஸ்ஃபோர்டில்தான். ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத மஞ்சள் நிறப் பூச்சி. வேரில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும், ஆண் துணையே இல்லாமல் பெருகும், சில ஆண்டுகளில் கொடியைச் சாகடித்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியதும் இதே பூச்சிதான். இதற்கு மருந்து கிடையாது. கொடியை வேரோடு பிடுங்கிவிட்டு, தாங்கும் சக்தியுள்ள அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டிய புதுக்கன்று நடுவது ஒன்றுதான் வழி. அன்று ஜிலாங் வட்டாரத் தோட்டங்களை அரசு ஆணையிட்டே அழித்தார்கள். நல்ல விளைச்சல் கண்ட அந்த வட்டாரத்தில் மறுபடி திராட்சை தலையெடுக்க ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின.

தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அந்தப் பூச்சி இன்றுவரை நுழையவில்லை. அது தற்செயலும் அல்ல. 1899இலேயே தனிச்சட்டம் போட்டுக் காவல் காத்ததன் பலன். அதனால்தான் பரோசாவில் டனுண்டா அருகே 1843இல் நட்ட ஷிராஸ் என்ற ஒயின் திராட்சைக் கொடிகள் இன்றும் தம் சொந்த வேரில் நின்று காய்க்கின்றன. 125 வயது தாண்டிய கொடியை அங்கே மூதாதை என்றே வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். 1980களில் விலை வீழ்ந்தபோது மாநில அரசே பணம் கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னது. அதற்கும் தப்பிப் பிழைத்தவை இவை. நம் காணொளித் தம்பியின் காலணிக்கும் தப்புமா என்பதுதான் என் கவலை.

காலணியைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முந்தைய வார இறுதியில் அதே குடும்பம் விக்டோரியாவின் யாரா பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே நின்று எடுத்த படங்கள் அவர்கள் பக்கத்திலேயே இருக்கின்றன, அதே வெள்ளைக் காலணியோடு. யாராவில் 2006இல் ஃபிலாக்செரா கண்டறியப்பட்டது. அது நோய்த்தாக்கு மண்டலம். பூச்சியின் குஞ்சுகள் மண்ணிலிருந்து மேலேறித் திரிவது கோடையில்தான். அவை காலணியின் அடியில், கால்சட்டையின் மடிப்பில், கார்ச் சக்கரத்து மண்ணில் ஒட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போகும். இதை நான் கற்பனை செய்து சொல்லவில்லை. தோட்டக்காரர்கள் தங்கள் காலணிகளையே ப்ளீச் கரைசலில் ஒரு நிமிடம் நனைத்துவிட்டுத்தான் இன்னொரு தோட்டத்துக்குள் நுழைகிறார்கள். தோட்டத்துச் சொந்தக்காரரே பூட்ஸை நனைத்துக்கொண்டு நிற்கும் இடத்தில் நமக்கு மட்டும் என்ன சலுகை?

இதில் எனக்கு வேடிக்கையாகத் தெரிவது எல்லையில் நடந்த கூத்து. விக்டோரியாவிலிருந்து காரில் போகிறவர்களுக்குத் தெரியும், பழ ஈக்குப் பயந்து மாநில எல்லைக்கு முன்பே பழங்களையும் தக்காளி, மிளகாய் போன்றவற்றையும் தொட்டியில் போட்டுவிட வேண்டும். நாங்கள் ஒவ்வொரு முறையும் வீட்டு மரத்து எலுமிச்சையை வைத்துவிட்டு வர மனமில்லாமல், ஊறுகாயாகப் போட்டுப் பரோசாவில் இருக்கும் அக்காவுக்குக் கொண்டுபோவோம். அந்தக் குடும்பமும் எல்லையில் நின்று வாழைப்பழத்தையும் மாம்பழத்தையும் பயபக்தியோடு தொட்டியில் போட்டிருக்கிறது; அதையும் காணொளியாக எடுத்து, நாம் எவ்வளவு சட்டத்தை மதிக்கிறோம் பாருங்கள் என்று பெருமை பேசியிருக்கிறார்கள். அபராதம் இருக்கும் இடத்தில் சட்டம் நன்றாகப் புரிகிறது. வெறும் பலகை மட்டும் இருக்கும் இடத்தில் மொழியே மறந்துவிடுகிறது. கொடிகளுக்குள் நடக்காதீர்கள் என்ற அந்த எச்சரிக்கைப் பலகை அவர்கள் காணொளியிலேயே, வேலிக் கம்பியைத் தாண்டும் தம்பியின் தோளுக்குப் பின்னால், எழுத்து எழுத்தாகத் தெரிகிறது.

வேலிக்குள் போய்ச் செய்த வேலையாவது உருப்படியா என்றால் அதுவும் இல்லை. அங்கே அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. டிசம்பர் கடைசியில் காய் சுண்டைக்காய் அளவில், பச்சையாக, கல் மாதிரி இருக்கும். நிறம் மாறவே ஜனவரி ஆகும். அந்தக் காயை ஒரு குலை பறித்து, குழந்தையின் வாயில் ஒன்றைப் போட்டு, அது முகத்தைச் சுளித்துத் துப்புவதை மெதுவாக ஓட்டிக் காட்டி, பின்னணியில் இசையும் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் காயின்மீது கந்தகமும் தாமிரமும் தெளித்திருப்பார்கள் என்பதுகூடப் பெற்றவர்களுக்குத் தோன்றவில்லை.

இனி என்மீது வைத்த கேள்விகளுக்கு வருகிறேன். ஒயின் ஆலைகளே சுற்றுலாப் பயணிகளைக் கூவி அழைக்கின்றனவே என்று ஒருவர் கேட்கிறார். அழைக்கின்றன, உண்மைதான். சரளைக்கல் போட்ட வாகன நிறுத்தம், ருசி பார்க்கும் கூடம், புல்வெளி, குழந்தைகளுக்கு ஊஞ்சல் எல்லாம் வைத்து அழைக்கின்றன. ஓட்டல்காரர் வாசலில் நின்று வரவேற்றார் என்பதற்காக யாரும் அவருடைய சமையற்கட்டில் புகுந்து சட்டியைத் திறந்து பார்ப்பதில்லையே. இன்னொருவர், கங்காருவும் பறவையும் தோட்டத்துக்குள் போகின்றனவே, அவற்றையும் தடுப்பீர்களா என்கிறார். கங்காரு முந்தைய வாரம் யாராவுக்குப் போய்விட்டுக் காரேறி எழுநூறு கிலோமீட்டர் தாண்டி வருவதில்லை, ஐயா. ஐந்தே நிமிடம்தானே என்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. மது விளையும் ஊருக்குப் பிள்ளைகளோடு போன உமக்குப் பண்பாட்டைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். எங்கள் அக்கா அங்கே நூரியூட்பாவில் குடியிருக்கிறார். முதியோர் இல்லத்தில் செவிலி. உறவைப் பார்க்கப் போகும் ஊரில் என்ன விளைகிறது என்று விசாரித்துவிட்டுப் போகும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

ஊர் மறந்தவன் என்ற பட்டத்துக்கு வருகிறேன். நம் ஊரில் யார் தோட்டத்திலும் நுழைந்து ஒரு குலை பறித்துத் தின்னலாம், இங்கே வந்து நீங்கள் வெள்ளைக்காரச் சட்டம் பேசுகிறீர்கள் என்கிறார்கள். எந்த ஊரில் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். நான் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை எங்கள் தாத்தாவுக்குச் சோறு போட்ட பயிர். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தலாகக் கொடி படர்ந்திருக்கும். உள்ளே போனால் நடுப்பகலிலும் இருட்டு. வெளியூர்க்காரர் யார் வந்தாலும் தாத்தா வரப்பிலேயே செருப்பைக் கழற்றச் சொல்வார். ஆள் யாராக இருந்தாலும் சரி. வங்கி அதிகாரி ஒருவர் முகம் சிவக்க நின்றதைப் பார்த்திருக்கிறேன். பிறகு தாத்தாவே உள்ளே போய், பழுத்த குலையாகப் பார்த்து, காம்போடு கத்தரித்து வாழை இலையில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். பறித்துத் தின்றவர்களை அவர் எந்த வார்த்தையால் அழைப்பார் என்பதை இங்கே எழுத முடியாது. ஊரை மறக்காததால்தான் ஐயா அந்தப் பின்னூட்டத்தையே எழுதினேன்.

இத்தனையையும் நான் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று கேட்பீர்கள். அந்தக் குடும்பம் தங்கியது எங்கள் அக்கா வீட்டில். உறவுக்கு உறவு என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். அக்கா இரவு வேலை முடித்து வந்து தூங்காமல் இடியாப்பம் பிழிந்து போட்டார். மாமா தோட்டத் தொழிலாளி. ஜூன், ஜூலை மாதத்துக் குளிரில் விரல் விறைக்க ஒவ்வொரு கொடியாகக் கவாத்து செய்கிறவர், அறுவடைக் காலத்தில் ராத்திரி ராத்திரியாக இயந்திரத்தின் பின்னால் நடக்கிறவர். அவருடைய வண்டியைத்தான் இரவல் வாங்கிக்கொண்டு போய் வேலியோரம் நிறுத்தியிருக்கிறார்கள். காணொளியில் அந்த வண்டியின் எண் தெரிகிறது. ஊர் சிறியது, மறுநாளே மாமாவின் முதலாளி அவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். கோபமாகக்கூட இல்லையாம், மெதுவாகத்தான் கேட்டாராம். பத்து ஆண்டுகளாக அங்கே நல்ல பெயரோடு வேலை பார்க்கிற மனிதர், யாரோ ஒருவருடைய ஒரு நிமிடக் காணொளிக்காக முதலாளி முன் தலைகுனிந்து நின்றிருக்கிறார். அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னபோது கிடைத்த பதில், "அதற்கு அவர் ஏன் பயப்படுகிறார்?" என்பது. வேலை போனால் வீட்டுக்கடன் கட்ட வேண்டியவர் பயப்படத்தான் செய்வார். வெள்ளைக்காரனுக்கு அடிமை என்ற சொல் மாமாவின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்றுதான் அந்தப் பின்னூட்டங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டிருக்கிறேன்.

படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சாலையோரம் நின்று எடுங்கள். செப்பெல்ட்ஸ்ஃபீல்டு சாலையின் இருபுறமும் 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையற்ற தொழிலாளர்களை வைத்து நட்ட பேரீச்சை மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அதைவிட அழகான பின்னணி எந்தத் தோட்டத்துக்குள்ளும் கிடைக்காது. கொடியை அருகில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஆலையில் கேளுங்கள்; எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று அவர்களே சொல்வார்கள், வேண்டுமென்றால் காலணிக்கு மேல் போடும் உறையும் தருவார்கள். கேட்பதில் நமக்கு என்ன குறைந்துவிடும்?

ஈஸ்டர் விடுமுறையில் பலர் பரோசா கிளம்புகிறீர்கள் என்று உங்கள் பதிவுகளிலிருந்து தெரிகிறது. அறுவடை முடிகிற நேரம். தோட்டங்களில் ஆள் நடமாட்டம் அதிகம் இருக்கும். காலணியைக் கழுவிக்கொண்டு போங்கள். யாராவுக்குப் போட்ட காலணியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இந்தச் சச்சரவுக்கு நடுவிலும், அக்கா வீட்டில் இரண்டு இரவு தங்க முடியுமா என்று கேட்டு உள்பெட்டிக்கு வந்தவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை. முடியாது. டனுண்டாவில் விடுதிகள் இருக்கின்றன.