உயர்வு பைசாவில், ரூபாயில் அல்ல

2025 ஏப்ரலில் பெங்களூருவில் வீட்டுக் குழாய் நீர் லிட்டருக்கு ஒரு ரூபாய் உயர்ந்துவிட்டது என்று மேலே ஒரு நண்பர் குறிப்பிட்டுள்ளார். பணிவுடன் திருத்துகிறேன்: குடிநீர் வாரியம் உயர்த்தியது, பயன்பாட்டு அளவைப் பொறுத்து, லிட்டருக்கு 0.15 பைசா முதல் 1 பைசா வரை மட்டுமே. மாதம் 8,000 லிட்டர் பயன்படுத்தும் வீட்டுக்கு நீர்க் கட்டணத்தில் கூடுவது ஏறத்தாழ 12 ரூபாய். லிட்டருக்கு ஒரு ரூபாய் என்றால் அது 8,000 ரூபாயாகியிருக்கும். பெங்களூருவின் அல்சூர் பகுதியில் ஒருவரும் சும்மா இருந்திருக்க மாட்டோம்!

சரிபார்க்க, 2025 மார்ச் மாதக் கட்டணச் சீட்டையும் அதற்குப் பிந்தைய ஒன்றையும் எடுத்து, கழிவுநீர்க் கட்டணத்தைச் சேர்க்காமல், நீருக்கான தொகையை மட்டும் பயன்படுத்திய லிட்டர்களால் வகுத்துப் பார்க்கலாம். சீட்டில் அளவு கிலோலிட்டரில், அதாவது ஆயிரம் லிட்டர் கணக்கில் இருக்கும். குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.