பழனி ஏன் தனியாகப் போனான்?

போன மாதம் டீக்கடையில் நண்பர் ஒருவரோடு சின்னச் சண்டை. கடலைப் பற்றி எழுதிய நாவல்களில் ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' பக்கத்தில் நிற்க எதுவும் இல்லை, நம் பக்கத்து நாவல்களெல்லாம் கடல் காற்று வீசும் குடும்பக் கதைகள்தான் என்றார். அந்த நேரத்தில் எனக்குச் சரியான பதில் வாயில் வரவில்லை. சண்டைக்கான பதில் வீட்டுக்கு வந்தபிறகு குளிக்கும்போதுதானே வரும்! சரி என்று ஹெமிங்வேயையும் தகழியையும் வண்ணநிலவனையும் ஜோ டி குரூஸையும் வரிசையாக எடுத்து மறுபடி படித்தேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடற்கரை ஊர் ஒன்றில், ஐஸ் பிளான்ட்டில் முப்பது வருடம் கணக்கெழுதியவர். யாருக்கு எத்தனை பார் ஐஸ் போனது, யார் பாக்கி, எந்த வியாபாரி எவருக்கு முன்பணம் கொடுத்து மீனைப் பிடித்து வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நாவல் படிக்கிற ஆள் இல்லை. நான் கல்லூரியில் படிக்கும்போது தகழியின் மலையாள நாவல் 'செம்மீன்', சுந்தர ராமசாமி மொழிபெயர்த்தது, மேசையில் கிடந்ததை எடுத்து நாலைந்து நாளில் முடித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சுறாவுக்குத் தூண்டில் போடுறவன் ஒத்தையிலயா போவான்? அவன் கூட ஏன் யாருமே போகல?"

அப்போது எனக்கு அது கதை புரியாத கேள்வியாகத் தெரிந்தது. காதலர்களான பரீக்குட்டியும் கருத்தம்மாவும் கட்டிப்பிடித்தபடி கரையில் பிணமாகக் கிடக்கும் முடிவைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இவர் என்னடாவென்றால் ஆள் கணக்குக் கேட்கிறார்.

இப்போது படித்தபோதுதான் தெரிந்தது, அந்த நாவலுக்குள் நுழையும் வாசலே அந்தக் கேள்விதான்.

'செம்மீன்' 1956இல் வந்தது. அடுத்த வருடமே சாகித்ய அகாதெமி விருது. 1965இல் ராமு காரியாட் எடுத்த படத்துக்குக் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம். இதெல்லாம் சேர்ந்து நம் மனதில் பதிந்திருக்கும் கதை இது: கரையில் மனைவி கற்போடு இருந்தால் கடலுக்குப் போன கணவன் பத்திரமாகத் திரும்புவான், தவறினால் கடலம்மா அவனை விழுங்கிவிடுவாள். கருத்தம்மா பரீக்குட்டியிடம் போனாள், அவள் கணவன் பழனி சுழலில் செத்தான். இந்த நம்பிக்கையைத் தகழி பெரிதாக்கிக் காட்டினார் என்று அவரைத் திட்டுகிறவர்களும் உண்டு. எனக்கும் அதில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது.

ஆனால் பழனியை மட்டும் பின்தொடர்ந்து படித்துப் பாருங்கள். அனாதை. கடலில் வளர்ந்தவன், திறமையான ஆள். கல்யாணம் ஆகிறது. கருத்தம்மா முன்பு பரீக்குட்டி என்ற முஸ்லிம் வியாபாரியோடு பழகினாள் என்ற பேச்சு பழனியின் ஊரான திருக்குன்றப்புழைக்கும் வந்து சேர்கிறது. இப்படிப்பட்டவளின் கணவனைத் தோணியில் ஏற்றினால் நமக்கும் ஆபத்து என்று கூட்டாளிகள் பயப்படுகிறார்கள். தோணியில் அவனுக்கு இடம் போகிறது. அதற்குப் பிறகுதான் சின்னத் தோணியும் தூண்டிலுமாகத் தனியே போகிறான். தனியாகப் போனதால்தான் அந்த இரவில் பெரிய சுறா இழுத்துக்கொண்டு போகும்போது துடுப்புப் பிடிக்க இன்னொரு கை இல்லை. கடலம்மா என்ன செய்தாள் என்பது அப்புறம். அவனைத் தோணியிலிருந்து இறக்கியது கரைக்காரர்கள்.

இதற்கும் முன்னால் ஒரு கடன் இருக்கிறது. கருத்தம்மாவின் அப்பா செம்பன்குஞ்சு தோணியும் வலையும் வாங்க ஆசைப்படுகிறான். அந்த நாவலின் உலகத்தில் தோணி வைத்துக்கொள்ளும் உரிமை வலைக்காரர் சாதிக்குத்தான், இவனோ முக்குவர் சாதி. பரீக்குட்டியிடம் பணம் வாங்குகிறான், மீனை அவனுக்கே தருவதாகப் பேச்சு. மீன் வந்ததும் ரொக்கம் கேட்கிறான். பரீக்குட்டி நொடிந்துபோகிறான். கருத்தம்மாவின் மனதை அரிப்பதில் காதல் பாதி என்றால் இந்தத் திருப்பிக் கொடுக்காத பணம் மீதி. படத்தில் பாட்டுகள் நன்றாக இருப்பதால் இந்தப் பாதி நமக்குக் காதில் விழுவதில்லை.

அடுத்தது ஹெமிங்வே. அவருடைய கிழவன் சாண்டியாகோ 84 நாளாக மீன் பிடிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் முதல் 40 நாள் அவன் தனியாக இல்லை, பையன் மனோலின் கூட இருந்தான். கிழவன் சுத்தமாக அதிர்ஷ்டம் கெட்டவன் என்று பையனைப் பெற்றவர்கள் முடிவுசெய்து, அவனை வேறு படகில் ஏற்றிவிட்டார்கள். அந்தப் படகுக்கு முதல் வாரத்திலேயே மூன்று நல்ல மீன். நடுக்கடலில் கிழவன் எத்தனை முறை அந்தப் பையன் இருந்திருக்கலாமே என்று சொல்கிறான்! நானும் முன்பு இந்த நாவலை 'மனிதனும் இயற்கையும்' என்றே படித்தேன். தனிமனித வீரம், தோல்வியிலும் தளராத மனம் என்று மேடையில் பேச வசதியான புத்தகம். இப்போது பார்த்தால் சாண்டியாகோவும் பழனியும் ஒரே காரணத்துக்காக ஒற்றையாகப் போனவர்கள். ஒருவனுக்கு ராசியில்லை என்ற பேச்சு, இன்னொருவனுக்கு மனைவி சரியில்லை என்ற பேச்சு.

கிழவன் கணக்குப் போடும் இடமும் உண்டு. மீன் 1500 பவுண்டுக்கு மேல் இருக்கும், கழிவு போக மூன்றில் இரண்டு பங்கு, பவுண்டு முப்பது சென்ட்... இதற்குப் பென்சில் வேண்டும் என்று விட்டுவிடுகிறான். அப்பாவுக்கு இந்த இடத்தைப் படித்துக் காட்டினேன். அவர் மனக்கணக்காகவே முந்நூறு டாலர் என்றார்.

இன்னொன்று. கியூபாக்காரனான கிழவன் கடலை ஸ்பானிய மொழியில் பெண்பாலாக 'லா மார்' என்பான். சுறா ஈரல் விற்ற பணத்தில் மோட்டார் படகு வாங்கிய இளைஞர்கள் ஆண்பாலில், எதிராளியைச் சொல்வதுபோல 'எல் மார்' என்பார்கள். மோட்டார் வந்ததும் கடலின் பால் மாறிவிடுகிறது. இந்தச் சண்டையை முழு நாவலாகப் பார்க்க வேண்டுமென்றால் கியூபாவுக்குப் போக வேண்டாம், நம் தூத்துக்குடிப் பக்கத்து மணப்பாட்டுக்கு வந்தால் போதும். 1977இல் வந்த வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலில் அது பழைய வள்ளமும் மோட்டார் லாஞ்சும் மோதிக்கொள்ளும் ஊர். வள்ளக்காரர் குரூஸ் மிக்கேலின் மகன் வீட்டையும் வள்ளத்தையும் விற்றுவிட்டு வரச்சொல்கிறான். அவருக்கோ வள்ளத்தை விட்டால் வேறு உலகமில்லை.

ஆனால் எனக்கு அந்த நாவல் என்றால் அவர் மகள் பிலோமிதான். சாமிதாஸை நேசிக்கிறாள், அவன் வேறு பெண்ணை மணக்கிறான். தகழியிடம் இவள் கிடைத்திருந்தால் கடலில் விழுந்திருப்பாள் (தகழி ரசிகர்கள் மன்னிக்க). பிலோமி சாவதில்லை. அழுகிறாள், வீட்டு வேலையைப் பார்க்கிறாள், யார்மீதும் வன்மம் இல்லாமல் மிச்ச வாழ்க்கைக்குள் நடந்து போகிறாள். கடல் அவளைத் தண்டிக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. அது பாட்டுக்கு வீட்டுக்கு வெளியே இரைந்துகொண்டிருக்கிறது. நண்பர் 'குடும்பக் கதை' என்று தள்ளியது இதைத்தான். கரையில் இருப்பவர்களின் நாவல் என்பது குறை என்றால், அந்தக் குறை எனக்குப் பிடித்திருக்கிறது.

ராஜம் கிருஷ்ணனின் 'அலைவாய்க் கரையில்' பற்றியும் எழுத ஆசை. சுறாத் துவிக்காக (சுறாவின் துடுப்பு) கிறிஸ்தவக் கோயிலோடு மீனவர்கள் முரண்படும் கதை. கதை சொல்வதில் கொஞ்சம் வறட்சி உண்டு, ஆனாலும் பிடித்த மீனில் யார் யாருக்கு எவ்வளவு என்பதை நேராகக் கேட்ட புத்தகம். அதற்குத் தனிப் பதிவு போடுகிறேன்.

'ஆழி சூழ் உலகு' 2004இல் வந்தது. இதை எழுதிய ஜோ டி குரூஸ், உவரி என்ற கடற்கரை ஊர்க்காரர். மற்றவர்கள் கரைக்கு வெளியிலிருந்து வந்து பார்த்தவர்கள் என்பது இதைப் படிக்கும்போது தெரிந்துவிடும். முதல் ஐம்பது பக்கம் மொழி முரண்டு பிடிக்கும், விடாதீர்கள். கட்டுமரத்தை இழந்த மூவர் கடலில் மிதக்கிறார்கள். அந்த மிதப்புக்கு நடுவே ஆமந்துறை என்ற மீனவ ஊரின் அரை நூற்றாண்டு ஓடுகிறது. பசி, தாகம், பயம் எல்லாம் ஹெமிங்வேயிடம் இருப்பதுதான். இங்கே மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவன் கண்ணயர்ந்தால் இன்னொருவன் தட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது. கிழவனுக்குத் தன் கையோடும் மீனோடும் பேச வேண்டியிருந்தது. இவர்களுக்குப் பேச ஆள் இருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய நாவல். நண்பர் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பார்.

ஹெமிங்வேயை ஒரேயடியாகக் கவிழ்ப்பது நோக்கமில்லை. கடைசிப் பக்கங்களில் எலும்புக்கூட்டையும் சுற்றுலாப் பயணிகளையும்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதற்குச் சற்று முன்னால் பையன் வந்து, இனி நாம் சேர்ந்தே போவோம் என்கிறான். எனக்கு ராசியில்லையே என்கிறான் கிழவன். ராசியை நான் கொண்டுவருகிறேன் என்கிறான் பையன். உன் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேட்டால், அதைப் பற்றிக் கவலையில்லை, நேற்று நான் இரண்டு மீன் பிடித்தேன் என்கிறான்.

இதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பழனிக்கு இப்படி ஒரு பய இல்லாமப் போயிட்டானே" என்றார்.