முதல் முப்பது நொடியில் யாரையும் கவிழ்க்க வேண்டாம்

"முதல் சந்திப்பிலேயே எதிராளியை அசத்துவது எப்படி" என்று யாராவது வகுப்பெடுக்க ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதில் ஒரு ஸ்லைடு தவறாமல் இருக்கும். பேச்சில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தானாம், குரல் 38, உடல்மொழி 55. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து கிளம்பிய கணக்கு இது. ஒருவர் சொல்லும் சொல் ஒன்று, குரலும் முகமும் காட்டுவது வேறொன்று என்றால், அவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று நாம் எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதைத்தான் அவர் பார்த்தார். எல்லாப் பேச்சுக்கும் இதைப் பொருத்தாதீர்கள் என்று அவரே சொல்லியும் விட்டார். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

உடனடி அபிப்பிராயம் என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜானின் வில்லிஸும் அலெக்ஸாண்டர் தோடரோவும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத முகங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். பார்த்தவர்கள், நம்பகமானவரா, திறமைசாலியா என்று அதற்குள்ளேயே கணித்துவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோதும் கணிப்பு பெரிதாக மாறவில்லை. தாங்கள் சொல்வது சரி என்ற தெம்புதான் கூடியது. கணிப்பு சரியா என்பது வேறு கதை.

ஆக, நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே ஏதோ ஒரு தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அப்புறம் எதற்குக் கண்ணாடி முன் நின்று சிரிப்பு ஒத்திகை? சுத்தமாக உடுத்துங்கள், சொன்ன நேரத்துக்குப் போங்கள், பெயரை முழுங்காமல் சொல்லுங்கள். போதும்.

நம் கையில் இருப்பது அதற்கடுத்த ஐந்து நிமிடம். அங்கேதான் பலரும் கோட்டைவிடுகிறார்கள்.

புதிதாக அறிமுகமான ஒருவர், "இப்பதான் வேலைக்குச் சேர்ந்திருக்கேன், நைட் ஷிஃப்ட்" என்கிறார். நம்மில் பாதிப் பேர் உடனே, "அட, நானும் ரெண்டு வருஷம் நைட் ஷிஃப்ட் பார்த்தேனே" என்று தன் புராணத்தை அவிழ்த்துவிடுவோம். அவரும் தலையாட்டிக்கொண்டே போனை எடுத்துவிடுவார். அதே இடத்தில், "பகல்ல தூக்கம் வருதா?" என்று கேட்டுப் பாருங்கள். ஜன்னலில் போர்வை கட்டியது, எதிர்வீட்டு நாய், மதியம் வரும் கூரியர்காரர் என்று மனுஷர் பொங்கிவிடுவார். நாம் செய்தது ஒன்றுமில்லை. அவர் சொன்னதைக் காதில் வாங்கி, அதிலிருந்தே ஒரு கேள்வி கேட்டோம். ஹார்வர்டில் கேரன் ஹுவாங்கும் சக ஆய்வாளர்களும் 2017-இல் சொன்னதும் இதுதான்: கேள்வி கேட்பவர்களை, அதிலும் சொன்ன பதிலைத் தொட்டே மறுகேள்வி கேட்பவர்களை, மற்றவர்களுக்கு அதிகம் பிடித்துப்போகிறது.

அதற்காக வயது, சம்பளம், சொந்த வீடா என்று போலீஸ் ஸ்டேஷன் விசாரணை நடத்தக் கூடாது. அதில் மறுகேள்வியே கிடையாது, வெறும் பட்டியல்தான். இடையிடையே நம்மைப் பற்றியும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். எதையுமே சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருப்பவரைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும்.

கூச்ச சுபாவக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பேசிவிட்டு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் "ஏன் அப்படி உளறினேன்" என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பீர்கள் இல்லையா? எரிகா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முதல்முறை பேசிப் பிரிந்தவர்கள், தங்களை எதிராளிக்கு எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் இதே கதை. நீங்கள் உளறியதாக நினைத்துப் புழுங்கும் நேரத்தில், அவர் தன் உளறலை நினைத்துப் புழுங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். நாளைக்கு நீங்களே முதலில் மெசேஜ் போடுங்கள்.

"அப்ப இன்டர்வியூவுக்கு?" என்று கமென்ட்டில் வருவீர்கள் என்று தெரியும். அங்கே ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மார்க் போடுகிறார், அது சிநேகமே இல்லை. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.