'வேண்டாம்' என்பதை வெட்டிவிட்டால் எப்படி?

மாந்தோப்புக்காரர்களுக்காக நான் எழுதுவதைச் சந்தாதாரர்களிடம் சேர்க்க ஒரு ஓடை (ஃபீட், அதாவது இணையத்தில் போடும் புதுப் பதிவுகளின் தானியங்கிப் பட்டியல்) மேலாண்மைச் சேவையை வைத்திருக்கிறேன். மாசாமாசம் காசும் கட்டுகிறேன். அது செய்கிற வேலையைப் பாருங்கள்.

பூ விரிந்திருக்கும்போது மருந்தடித்தால் தேனீயும் ஈயும் செத்துப்போகும், அப்புறம் காய் பிடிக்காது. அதனால் 'பூ முழுக்க விரிந்தபின் மருந்து அடிக்க வேண்டாம்' என்று முதல் வரியிலேயே எழுதினேன். மின்னஞ்சலில் போனதோ 'மருந்து அடிக்க வே' வரைதான், பக்கத்தில் ஒரு கறுப்புக் கேள்விக்குறிக் கட்டம். சந்தூரிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டு, "எப்போ அடிக்கணும் தம்பி?" என்கிறார். வயிற்றைக் கலக்கியது.

மின்னஞ்சலில் போகும் முன்னோட்டத்தை, அதாவது பதிவின் தொடக்கத் துண்டை, எழுத்துக் கணக்கில் வெட்டாமல் பைட் (கணினியின் சேமிப்பு அலகு) கணக்கில் வெட்டுகிறார்கள். கணினி எழுத்துகளைப் பதிந்துவைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். நம் 'க'வுக்கு 3, 'கொ'வுக்கு 6. அதே அளவில் தமிழுக்கு எத்தனை சொல் மிஞ்சும்? முழுசாக அனுப்ப வேண்டுமென்றால் கூடுதல் கட்டணமாம்.

தாமதம் வேறு. காலையில் போட்டது இருட்டியபின் போகிறது. புதுப் பதிவு வந்ததும் உடனே தட்டிச் சொல்லும் வெப்சப் முறையை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018லேயே பரிந்துரைத்துவிட்டது. இவர்கள் இன்னும் தோணும்போது வந்து எட்டிப் பார்க்கிறார்கள். புகார் அனுப்பினால், "உங்கள் ஓடை சரியாக இயங்குகிறது" என்று பதில். யாருக்குச் சரி? கிருஷ்ணகிரியில் பூ இவர்களுக்காகக் காத்திருக்காது.