75 செ.மீ. மேசையும் ‘நேரா உட்காருங்க’ உபதேசமும்

மறுபடியும் எச்ஆரிடமிருந்து ஒரு மெயில். ‘ஆரோக்கிய வாரம்’. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு மணி நேர வெபினார். கேமராவுக்கு முன்னால் ஒருவர் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, “நேரா உட்காருங்க, தோளைத் தளர்த்துங்க, மூச்சை இழுத்து விடுங்க” என்பார். கேட்டு முடித்துவிட்டு எல்லாரும் அதே மேசைக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். அந்த மேசையை எவராவது ஒருநாள் இஞ்ச் டேப் வைத்து அளந்தது உண்டா?

சென்னையில் தரமணி, பெருங்குடி, சோழிங்கநல்லூர், சிறுசேரி, இந்தப் பக்கம் கிண்டி, போரூர், அம்பத்தூர் என்று எங்கே போய் அளந்தாலும் மேசை பெரும்பாலும் 73 முதல் 76 செ.மீ. உயரம்தான். உயரம் மாற்ற வழியே இல்லாமல் வரிசையாக முடுக்கி வைத்த மேசைகள். மொத்தமாக ஆர்டர் கொடுத்தவருக்கு எண்ணிக்கை முக்கியம். உட்காரப் போகிறவரின் உயரம் அவருக்கு எதற்கு? ஊருக்கே பத்தாம் நம்பர் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, காலைச் சரியாக வைத்து நடக்கத் தெரியவில்லை என்று வகுப்பெடுக்கிற கதைதான் இது.

கணக்கைப் பார்த்துவிடலாம். ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண் செருப்போடு, பாதம் தரையில் பதிய, தோளைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் அவருடைய முழங்கை தரையிலிருந்து சுமார் 60 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஐந்தே முக்கால் அடி ஆணுக்கு அது 69, 70. டைப் செய்ய வேண்டிய உயரம் முழங்கை உயரம்தான், இல்லையென்றால் அதற்குச் சற்றுக் கீழே. மேசை 75, அதன்மேல் கீபோர்டின் தடிமன் இரண்டு செ.மீ. ஆக 77. ஆறடியைத் தாண்டி வளர்ந்தவருக்குத்தான் அது ஏறக்குறையப் பொருந்தும். சென்னை ஆபீஸில் அப்படி எத்தனை பேர்? மீதிப் பேர் எல்லாம் தோளைக் காதுப் பக்கம் தூக்கிக்கொண்டு, கையை மேலே ஏற்றி, எட்டு மணி நேரம் டைப் செய்கிறார்கள். சாயங்காலம் கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் கல்லை வைத்தாற்போல் இறுகிப் போவது அதனால்தான். நீங்கள் சோம்பேறி என்பதனால் அல்ல.

சரி, நாற்காலியை ஏற்றிக்கொண்டால்? கால் தொங்கும். சீட்டின் முன்விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தும். பாதம் மரத்துப்போகும், வீங்கும். உடம்பு தானாகவே அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கும்: சீட்டின் நுனிக்கு நகர்ந்து, கால்விரலால் தரையைத் தொடும். நுனிக்கு வந்த கணமே முதுகுக்கும் சாய்மானத்துக்கும் உறவு அறுந்துவிடும். தாங்க ஆள் இல்லாத முதுகு பத்தே நிமிடத்தில் வளையும். கூன் விழுவது இந்த வரிசையில்தான். இதற்கு ‘நேரா உட்காருங்க’ என்பது மருந்தா?

இன்னொரு கோபம். சுவரில் ஒட்டி வைக்கிற எர்கோனாமிக்ஸ், அதாவது உடம்புக்கு ஏற்ற இருக்கை முறை சொல்கிற போஸ்டர் அத்தனையும் ‘முதலில் பாதம் தரையில் பதியட்டும்’ என்றே ஆரம்பிக்கின்றன. மேசை உயரத்தை மாற்ற முடிந்தால் அது சரி. மேசை அசையாது என்றால் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும், முதலில் முழங்கை. மேல்கையைப் பக்கவாட்டில் தளர்வாகத் தொங்கவிட்டு, முழங்கையைச் செங்கோணமாக மடக்குங்கள். முன்கை மேசைப் பரப்போடு சமமாக வரும்வரை, முடிந்தால் ஒரு விரல்கடை மேலேயே, நாற்காலியை ஏற்றுங்கள். அதற்கப்புறம் கால். தொங்குகிற இடைவெளியை அளந்து அந்த உயரத்துக்குக் காலடியில் பலகை போடுங்கள். அப்புறம்தான் முதுகு, கடைசியில் திரை. வரிசை மாறினால் ஒன்றைச் சரிசெய்யும்போது முன்னால் செய்தது கெடும்.

ஐந்தடிக்காரருக்கு இப்படிச் செய்தால் காலடியில் சுமார் 15 செ.மீ. உயரம் தேவைப்படும். ஃபுட்ரெஸ்ட் கேட்டால் அட்மின் என்னமோ காரும் டிரைவரும் கேட்ட மாதிரி பார்ப்பார். அதுவரை காத்திருக்க வேண்டாம். 500 தாள் உள்ள ஏ4 பேப்பர் ரீம் ஒன்று சுமார் 5 செ.மீ. தடிமன். மூன்றை அடுக்கி டேப் சுற்றினால் 15. ஒரு பாதத்துக்கு ஒரு அடுக்கு என்று இரண்டு அடுக்கு பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், ஒரே அடுக்கில் இரண்டு காலும் அடங்காது. வீட்டில் என்றால் பழைய மணைப்பலகை இரண்டு போதும். வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் மேட் துண்டு.

நாற்காலியின் கைப்பிடிக்கு வருவோம். உயரம் மாற்ற முடியாத கைப்பிடி என்பது சாபக்கேடு. நாற்காலியை ஏற்றியதும் அது மேசை விளிம்பில் போய் இடிக்கும். உள்ளே நெருங்க முடியாமல், கையை நீட்டி, முன்னால் குனிந்து வேலை செய்வீர்கள். கழற்றிப் போடுங்கள். சீட்டுக்கு அடியில் பக்கத்துக்கு இரண்டோ மூன்றோ போல்ட்தான் இருக்கும், ஆலன் கீ என்கிற அறுகோணச் சாவி போதும். ஆபீஸ் நாற்காலியாக இருந்தால் மெயின்டெனன்ஸ் அண்ணனிடம் சொன்னால் இரண்டு நிமிட வேலை. கைப்பிடி இல்லாத நாற்காலி, தப்பான கைப்பிடி உள்ளதைவிட எவ்வளவோ மேல்.

ஹைப்ரிட், அதாவது சில நாள் வீடு, சில நாள் ஆபீஸ் என்று வந்தபிறகு தினம் ஒரு சீட். நேற்று ஆறடிக்காரர் உட்கார்ந்த நாற்காலியில் இன்று நீங்கள். வந்ததும் லாகின் செய்கிறோமே தவிர, சீட்டுக்கு அடியில் இருக்கிற லீவரையும் குமிழையும் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. வலது கை லீவர் உயரத்துக்கு; பல மாடல்களில் அதையே வெளிப்பக்கம் இழுத்தால் சாய்மானப் பூட்டு திறக்கும். முன்பக்கம் அடியில் இருக்கிற பெரிய குமிழ், சாய்வதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதற்கு. எடை குறைந்தவர் அதைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் சாய்மானம் முதுகைப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். இடுப்புத் தாங்கியின் புடைப்பு பெல்ட் போடுகிற உயரத்துக்குச் சற்று மேலே வர வேண்டும். நடுமுதுகில் வந்தால் அது தாங்கி அல்ல, தொந்தரவு. முழுவதும் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் முழங்காலின் பின்பக்கத்துக்கும் சீட் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் சீட் உங்களுக்கு ஆழம் அதிகம். முதுகுக்குப் பின்னால் ஒரு குஷன் கொடுத்து ஆழத்தைக் குறையுங்கள். உட்கார உட்கார நாற்காலி தானாக இறங்குகிறதா? நாற்காலியை ஏற்றி இறக்குகிற கேஸ் லிஃப்ட் போய்விட்டது. அது தனியாகவே கிடைக்கிற பாகம், அதற்காக நாற்காலியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

ரெக்ஸின் போர்த்திய ‘கேமிங்’ நாற்காலியைச் சென்னையில் வாங்குகிறவர்களை என்ன சொல்வது! பக்கவாட்டில் இறக்கை, தோளை முன்னால் தள்ளுகிற வளைவு, மே மாதம் மின்சாரம் போனால் முதுகு முழுக்க வேர்வை. பாதி விலைக்கு, கம்பெனிகள் காலி செய்யும்போது வருகிற பழைய மெஷ் நாற்காலி வாங்கலாம். வாங்கும்போது உட்கார்ந்து பார்த்து லீவர் எல்லாம் வேலை செய்கிறதா என்று மட்டும் சோதியுங்கள்.

லேப்டாப் பற்றிப் பேசினால் கோபம் தலைக்கேறும். திரையும் கீபோர்டும் ஒன்றாக ஒட்டிய பொருள் அது. கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து கவிழும், கண்ணுக்குச் சரியாக வைத்தால் கை தூக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக வரவே வராது. அப்படிப்பட்டதை ஆளுக்கு ஒன்று கையில் கொடுத்து ‘வீட்டிலிருந்து வேலை’ என்கிற கம்பெனி, தனிக் கீபோர்டும் மவுஸும் ஸ்டாண்டும் கொடுக்காதது பச்சைக் கஞ்சத்தனம். ரிச்சி தெருவில் சாதாரண வயர் கீபோர்டும் மவுஸும் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஸ்டாண்டுக்குப் பதில் தடித்த புத்தகங்களை அடுக்கலாம். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, கையை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொடுகிற தூரத்தில். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியான ப்ரோக்ரஸிவ் போடுகிறவர்களுக்கு இந்த விதி செல்லாது. அவர்கள் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதால் மோவாயைத் தூக்குவார்கள். திரையை இன்னும் இறக்க வேண்டும். எழுத்து சிறிதாக இருந்து குனிகிறீர்களா? திரையின் ஸ்கேலை 125 சதவீதமாக்குங்கள். எக்ஸெல்லில் நாலு நெடுவரிசை குறைவாகத் தெரிந்தால் குடி ஒன்றும் முழுகாது.

கீபோர்டின் பின்பக்கக் குட்டிக் கால்களை நிமிர்த்தி வைப்பது எந்தப் புண்ணியவான் ஆரம்பித்த பழக்கமோ. நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். மடக்கிப் போடுங்கள். ஜி, எச் எழுத்துகளுக்கு நடுவிலுள்ள கோடு உங்கள் தொப்புளுக்கு நேராக வரட்டும். முழுக் கீபோர்டின் நடுப்பகுதி அல்ல. வலது ஓரத்தில் இருக்கிற எண்பகுதி மவுஸைப் பத்து செ.மீ. தள்ளி வைத்துவிடுகிறது, அதை எட்டி எட்டித்தான் வலது தோள் போகிறது. கணக்குப் பிரிவில் இல்லாதவர்கள் எண்பகுதி இல்லாத கீபோர்டு வாங்கலாம். ‘ஜெல்’ மணிக்கட்டுத் திண்டு பற்றி: டைப் செய்துகொண்டே மணிக்கட்டை அதில் அழுத்தக் கூடாது. நரம்பும் தசைநாண்களும் ஓடுகிற குறுகிய பாதை சரியாக அங்கேதான் இருக்கிறது. இடைவெளியில், உள்ளங்கையின் அடிமேட்டை வைத்து ஓய்வெடுக்க மட்டும் அது.

ஐடி ஆட்களைப் பற்றி மட்டும் பேசுவதும் அநியாயம். திருவல்லிக்கேணி அச்சகங்களில் ஸ்டூலில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தமிழ் அடிக்கிற டிடிபி ஆபரேட்டருக்கு எந்த வெபினாரும் கிடையாது. ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கிற ஃபொனெடிக் முறையில் ள, ண, ற என்று ஒவ்வொன்றுக்கும் ஷிஃப்ட் அழுத்தி அழுத்திச் சுண்டுவிரல் தேய்ந்துபோகும். தமிழ்99 விசைப்பலகை பழகினால் உயிர் இடது கையில், மெய் வலது கையில். ‘க்க’ என்றால் புள்ளி தானாக விழும். ஷிஃப்ட் பெரும்பாலும் கிரந்த எழுத்துக்குத்தான். ஒரு பக்கத்துக்கு எத்தனையோ தட்டுகள் மிச்சம். 1999இல் அரசே ஏற்ற விசைப்பலகை அது. இத்தனை வருடமாகியும் பலர் பக்கத்தில்கூடப் போகவில்லை.

இனி வலி. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்து, இரவில் எழுந்து கையை உதறுகிறீர்கள் என்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதாக இருக்கலாம். சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் என்றால் பிரச்சினை பெரும்பாலும் முழங்கையில். மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றுகிற பழக்கமும் கையை மடக்கி ஃபோனைக் காதில் வைப்பதும் சந்தேகப் பட்டியலில் முதலில் வரும். விரல் மரத்துப்போனதற்குத் தைலம் தேய்க்கிறவர்களையும், ‘சுளுக்கு எடுத்துவிடுகிறேன்’ என்று கையைத் திருகுகிற பெரியவர்களையும் நிறுத்துங்கள். அது சுளுக்கே இல்லை. டம்ளர் கைநழுவுகிறது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கட்டைவிரல் அடிமேடு மெலிகிறது என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளாமல் டாக்டரிடம் போக வேண்டும். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கிற ஸ்பிளின்ட் பட்டை ஆரம்பக் கட்டத்தில் பலருக்கு உதவும். கடையில் கண்ணில் பட்டதை இறுக்கிக் கட்டிக்கொண்டு பகலெல்லாம் டைப் செய்வது அதற்கு ஈடாகாது.

கண்ணுக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தொலைவில் 20 நொடி பாருங்கள், கண்ணைச் சிமிட்டுங்கள், ஏசி காற்று முகத்தில் நேராக அடிக்கிற சீட்டில் உட்காராதீர்கள். நீல ஒளிக் கண்ணாடிக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். மருத்துவ ஆய்வுகளை அலசுகிற காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, அது குறுகிய காலத்தில் கண் அயர்ச்சியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொன்னது.

எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஒன்றிரண்டு நிமிடம் நடக்க வேண்டும். நடக்க விடுகிறார்களா? சாட்டில் பச்சைப் புள்ளி மஞ்சளானால் டீம் லீடுக்கு மூக்கு வியர்த்துவிடும். ஒரு பக்கம் ‘எழுந்து நடங்கள்’ என்று போஸ்டர், மறு பக்கம் ‘நீங்கள் ஏன் சீட்டில் இல்லை’ என்று மெசேஜ். இதற்கு நடுவே மெட்ரோ வேலை நடக்கிற ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் போக வர பைக்கில் பள்ளத்தில் குதித்து, கிளட்ச் பிடித்துப் பிடித்து அதே மணிக்கட்டுதான் வாங்குகிறது.

இதெல்லாம் நம் ஊரில் கேட்டால் ஆடம்பரம். பிரிட்டனில் 1992ஆம் ஆண்டின் விதிகள்படி, கணினித் திரைமுன் வேலை செய்கிறவரின் மேசை நாற்காலி அமைப்பை முதலாளி மதிப்பிட்டே ஆக வேண்டும். இடைவேளைக்கு வழிசெய்ய வேண்டும். ஊழியர் கேட்டால் கண் பரிசோதனைக்கும் செலவழிக்க வேண்டும். அங்கிருக்கிற கிளையில் ஆள் வந்து அளக்கிறார். அதே வேலையை இங்கே செய்கிறவருக்கு பிடிஎஃப் வருகிறது. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள், ரொம்ப நல்ல காரியம். நாற்காலி இருக்கிற இடத்தில் அது யாருக்குப் பொருந்துகிறது என்று கேட்க ஆள் இல்லை.

ஆகவே அட்மினுக்குக் கோரிக்கை டிக்கெட் போடும்போது ‘முதுகு வலிக்கிறது’ என்று எழுதாதீர்கள், யோகா லிங்க் அனுப்பிவிட்டு மூடிவிடுவார்கள். அளந்து எழுதுங்கள்: ‘மேசை 75 செ.மீ. என் முழங்கை உயரம் 61. வித்தியாசம் 14. மேசையை இறக்குங்கள், அல்லது 14 செ.மீ. ஃபுட்ரெஸ்டும் கைப்பிடி இறங்குகிற நாற்காலியும் கொடுங்கள்.’ பக்கத்து சீட்டுக்காரரையும் அவருடைய அளவோடு தனி டிக்கெட் போடச் சொல்லுங்கள். எண்ணோடு வருகிற டிக்கெட்டை ஒற்றை வரியில் மூட அட்மினுக்குக் கொஞ்சம் கை நடுங்கும்.